கானோவாவின் வீனஸ் கையில் அந்தத் துணி எதற்கு?

மாடவிளக்கு எழுதியது:

வணக்கம். போன அக்டோபரில் ஃபிளாரன்ஸ் போயிருந்தேன். ஒரே நாளில் காதல் தெய்வம் வீனஸின் சிலைகள் இரண்டைப் பார்த்தேன். ஊர் திரும்பி இத்தனை மாதம் ஆகியும் ஒரு கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. சிற்பம் தெரிந்தவர்களும் கிரேக்க வரலாறு படித்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் உஃபிஸி அருங்காட்சியகம். அங்கே டிரிபூனா என்று எட்டு மூலை அறை ஒன்று இருக்கிறது. சிவப்புச் சுவர், சிப்பி பதித்த விதானம். உள்ளே விடுவதில்லை, வாசலில் நின்று எட்டித்தான் பார்க்க வேண்டும். உள்ளே மெடிசி வீனஸ் நிற்கிறாள். உயரம் 1.53 மீட்டர்தான், என் தங்கை உயரம். உடம்பில் ஒரு நூல் துணி கிடையாது. ஒரு கை மார்புக்கு முன்னால், இன்னொரு கை அடிவயிற்றுக்குக் கீழே. உற்றுப் பார்த்தால் இரண்டு கையும் உடம்பில் படவே இல்லை. காற்றில் நிற்கின்றன. முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. காலடியில் ஒரு டால்பின், அதன் மேல் இரண்டு குட்டி மன்மதன்கள்.

மதியம் ஆற்றைத் தாண்டி பிட்டி அரண்மனை. அங்கே வீனஸ் அறை என்றே பெயர் வைத்த அறையில் இத்தாலியச் சிற்பி அன்டோனியோ கானோவா 1812இல் முடித்த வீனஸ் இருக்கிறாள். 'வீனஸ் இத்தாலிகா' என்கிறார்கள். இவளைச் சுற்றி வந்து பார்க்கலாம். குளித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தவள். ஒரு துணியை இழுத்து மார்போடு சேர்த்து அணைத்திருக்கிறாள். தோள் லேசாகக் குறுகியிருக்கிறது. யாரோ வரும் சத்தம் கேட்டவள் போலக் கழுத்தை வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பியிருக்கிறாள்.

ஒன்றுமே உடுத்தாத மெடிசி வீனஸ் முன்னால் எனக்குக் கூச்சம் வரவில்லை. பாதி உடம்பை மூடிக்கொண்டு நிற்கிற இவள் முன்னால் வந்தது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவள் போல ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். மூடியவளைப் பார்த்து ஏன் கூச வேண்டும்? அந்தத் துணி எதற்காக அங்கே வந்தது?


பழைய ஏடு எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

கிரேக்கர்கள் ஆண் உடம்பை ஆடையில்லாமல் செதுக்கியதற்கு நாணமே குறுக்கே வரவில்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே கூரொஸ் என்ற இளைஞர் சிலைகள் நிர்வாணமாக நேரே நிற்கின்றன. அதே கோயில்களில் கோரே என்ற கன்னிச் சிலைகள் தலை முதல் கால் வரை மடிப்பு மடிப்பாக உடுத்தி நிற்கின்றன. ஏறத்தாழ 250 வருடம் இந்த வழக்கம் பெரிதாக மாறவில்லை. உடுத்தியிருக்கும்போதே உடம்பைக் காட்டுகிற வித்தைகளையும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். ஏதென்ஸ் அக்ரொபொலிஸில் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிகிற நைக்கே தேவதையின் புடைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. நனைந்த துணி போல ஆடை மேலே ஒட்டிக்கிடக்கும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் பிராக்ஸிடெலெஸ் என்ற சிற்பி வந்தார். ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிற கதை இது: அவர் அஃப்ரொடைட்டிக்கு, அதாவது கிரேக்கர்களின் வீனஸுக்கு, இரண்டு சிலை செய்தார், ஒன்று உடுத்தியது, ஒன்று உடுத்தாதது. விலை ஒன்றுதான். கோஸ் தீவுக்காரர்களுக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை. அவர்கள் கௌரவமானது என்று உடுத்தியதை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றதை க்னிடோஸ் நகரம் வாங்கியது. கோஸ் சிலை இன்று யாருக்கும் நினைவில்லை. க்னிடோஸ் சிலையைப் பார்க்கக் கப்பல் ஏறி வந்தார்கள். நிக்கொமெடீஸ் என்ற அரசர் ஊரின் கடன் முழுவதையும் தான் அடைக்கிறேன், சிலையைக் கொடுங்கள் என்றார். க்னிடோஸ்காரர்கள் கடனோடு இருந்துகொள்கிறோம் என்றார்கள்.

அந்த மூலச் சிலை இன்று இல்லை. ரோமானியப் பிரதிகளை வைத்துத்தான் தெரியும். ஒரு கை உடம்புக்கு முன்னால் இருக்கிறது. இன்னொரு கை பக்கத்தில் இருக்கும் நீர்க்குடத்தின் மேல் ஒரு துணியைப் பிடித்திருக்கிறது. அதைப் போடுகிறாளா, எடுக்கிறாளா என்று இன்றும் வாதாடுகிறார்கள். ஆக, துணி கானோவா கண்டுபிடித்ததல்ல. குடத்தின் மேல் இருந்த துணியை அவர் மார்புக்குக் கொண்டுவந்தார்.

இன்னொன்று. இந்த நிலைக்குப் 'புடிகா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நாணமுள்ளவள் என்று பொருள். அது லத்தீன் சொல். கிரேக்கத்தில் அய்டோஸ் என்பார்கள். அது பெண்ணின் வெட்கம் மட்டும் இல்லை. ஹோமரின் போர்க்களத்தில் பின்வாங்கி ஓடுகிற வீரர்களைப் பார்த்துத் தலைவன் 'அய்டோஸ்!' என்றுதான் கத்துவான். நாம் 'வெட்கமாக இல்லையா?' என்று கேட்போமே, அது.


கல்தச்சன் எழுதியது:

அக்கா, நான் கல் வேலை செய்கிறவன். பெரும்பாலும் கருங்கல், எப்போதாவது பளிங்கு. அந்தத் துணி எதற்கு என்று கேட்டீர்கள். நான் சொல்லும் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது.

துணி அவளைத் தாங்குவதற்கு.

பளிங்குச் சிலையில் முதலில் உடைவது கணுக்கால். மேலே இருக்கிற மொத்தப் பாரமும் இரண்டு மெல்லிய கணுக்காலில் இறங்குகிறது. வெண்கலத்தில் உள்ளே குடைவாக வார்த்துவிடலாம், பளிங்கில் முடியாது. அதனால்தான் ரோமானியப் பிரதிகளில் காலோடு ஒட்டி மரக்கட்டை, தூண், மீன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். மெடிசி வீனஸின் டால்பின் கடலில் பிறந்தவள் என்பதற்கு அடையாளம்தான், ஆனால் அதுவே காலைத் தாங்குகிற முட்டும் கூட. க்னிடோஸ் சிலையும் பளிங்கு. ஐயா சொன்ன குடமும் துணியும் நீட்டிய கையைத் தாங்குகின்றன. கானோவா மீனையும் குடத்தையும் எடுத்துவிட்டார். அவற்றின் வேலையை மார்பிலிருந்து தரை வரை இறங்குகிற துணிக்குக் கொடுத்தார். எந்தக் கல்தச்சனும் அதைப் பார்த்தால் முதலில் 'அடேயப்பா, முட்டு எங்கே ஒளிந்திருக்கிறது பார்' என்றுதான் சொல்வான்.

அப்புறம் மெடிசி வீனஸின் கைகள். அக்கா காற்றில் நிற்கின்றன என்று எழுதிய கைகள் பழைய கைகள் அல்ல. சிலை 1677இல் ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு வந்தபோது கைகளை ஒட்டிச் சரி செய்தவர் ஏர்கொலே ஃபெர்ராட்டா. அந்த விரல்களைப் பாருங்கள், அளவுக்கு மீறி நீளம், நுனி கூராக இருக்கும். கிரேக்க விரல் அப்படி இருக்காது. 200 வருடமாக ஐரோப்பா முழுவதும் 'கிரேக்க நாணம்' என்று கொண்டாடிய கைகளில் 17ஆம் நூற்றாண்டு இத்தாலியக்காரரின் வேலையும் கலந்திருக்கிறது.


மாடவிளக்கு எழுதியது:

கல்தச்சன் தம்பி, ஏமாற்றம் இல்லை, பிரமித்துப் போனேன். எடுத்த படங்களை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்கள் நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கின்றன. வாசலில் நின்று பார்த்தபோது அந்த விரல்களைத்தான் நான் மிகவும் ரசித்தேன்.

ஆனால் கைகள் புதியவை என்றால், அந்த நிலையே புதிதா?


கல்தச்சன் எழுதியது:

இல்லை. ரோம் காபிட்டோலைன் வீனஸ் கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்தது. அதுவும் இதே நிலைதான். நிலை பழையது. விரல்களின் நளினம்தான் புதியது.


நிழற்கோடு எழுதியது:

மூன்று பேரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னால் இதை இவ்வளவு அமைதியாகப் பார்க்க முடியவில்லை. மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

18ஆம் நூற்றாண்டில் இந்தச் சிலைகளைத் தலையில் தூக்கி வைத்தவர் ஜெர்மானியர் விங்கெல்மன். 1755இல் கிரேக்கப் படைப்புகளைப் பின்பற்றுவது பற்றி எழுதினார், 1764இல் பழங்காலக் கலையின் வரலாற்றை எழுதினார். உயர்ந்த எளிமை, அமைதியான கம்பீரம் என்பது அவர் கண்ட கிரேக்க அழகு. ஆழ்கடல் மேலே எவ்வளவு கொந்தளித்தாலும் அடியில் அமைதியாக இருப்பது போல, துன்பத்திலும் அடங்கி நிற்கிற ஆன்மா. கேட்க நன்றாக இருக்கிறது. அதே மனிதர்தான் வெள்ளை நிறம் ஒளியை அதிகம் திருப்புகிறது, ஆகவே அழகிய உடம்பு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகு என்றும் எழுதினார். அடக்கம், அமைதி, வெள்ளை மூன்றும் ஒரே கட்டாக வந்தன.

அந்தக் கட்டு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். அமெரிக்கச் சிற்பி ஹிராம் பவர்ஸ் ஃபிளாரன்ஸில் வாழ்ந்தவர். 1844இல் 'கிரேக்க அடிமை' என்ற சிலையைப் பளிங்கில் முடித்தார். துருக்கியர் பிடித்துச் சந்தையில் நிறுத்திய கிரேக்கப் பெண். மெடிசி வீனஸ் போலவே ஒரு கை முன்னால். இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் சங்கிலி. பக்கத்துக் கம்பத்தில் கழற்றிப் போட்ட ஆடை, அதன் மேல் சிலுவை. 1847 முதல் அமெரிக்க நகரங்களில் கட்டணம் வாங்கிக் காட்டினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் பார்த்தார்கள். சில இடங்களில் ஆண்களுக்குத் தனி நேரம், பெண்களுக்குத் தனி நேரம். நிர்வாணச் சிலையைத் திருச்சபைக்காரர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? ஆர்வில் டூயி என்ற போதகர் எழுதிக்கொடுத்தார்: இவள் உணர்வையே ஆடையாக உடுத்தியிருக்கிறாள் என்று. அதாவது அவள் தானாகக் கழற்றவில்லை, பிறர் உரித்தார்கள், அதனால் நாம் பார்க்கலாம். ஒரு பெண்ணின் கையாலாகாத நிலையையே நாணம் என்று பெயர் சூட்டிப் பார்ப்பதற்கு அனுமதிச் சீட்டாக மாற்றிவிட்டார்கள்.

அந்த ஊர்வலம் நடந்த நாட்டிலேயே அடிமைச் சந்தைகள் நடந்துகொண்டிருந்தன. வெள்ளைப் பளிங்குப் பெண்ணுக்காகக் கண்ணீர் விட்டவர்களில் பலர் நிஜமாகவே ஏலம் போன பெண்களுக்காக விடவில்லை. இதை மறந்துவிட்டு விரல் நளினம் பேச எனக்கு மனம் வரவில்லை.


பழைய ஏடு எழுதியது:

நிழற்கோடு, கோபம் நியாயமானது. கிரேக்க அடிமை பற்றிச் சொன்னதில் ஒரு வார்த்தையும் மறுக்க மாட்டேன். ஆனால் விங்கெல்மனையும் பவர்ஸையும் ஒரே கயிற்றில் கட்டுவது சரியில்லை.

விங்கெல்மன் ஒரு செருப்புத் தைப்பவரின் மகன். ரோமில் கார்டினல் அல்பானியிடம் நூலகராக இருந்தவர். கிரேக்க மண்ணை அவர் மிதித்ததே இல்லை. 1768இல் ட்ரியெஸ்ட் நகரில் கொலையுண்டார். பார்த்தவை அநேகமாக எல்லாம் ரோமானியப் பிரதிகள், மண்ணிலிருந்து எடுத்துத் தேய்த்துக் கழுவியவை. அவர் கையில் இருந்த ஆதாரம் வெள்ளையாக இருந்தது. அழகு ஊற்றிலிருந்து மொண்ட நல்ல தண்ணீர் போல இருக்க வேண்டும், சுவை குறையக் குறைய உடம்புக்கு நல்லது என்றும் எழுதியிருக்கிறார். மிட்டாய் போலத் தித்தித்த அந்தக் காலத்து அரண்மனை ஓவியங்களுக்கு நடுவில் ஒருவர் இப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்த வரி இன்றும் பிடிக்கும்.

வெள்ளை விஷயத்தில் அவர் தவறுதான். பிராக்ஸிடெலெஸிடம் உங்கள் சிலைகளில் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டார்களாம். நிக்கியாஸ் கை பட்டவை என்றாராம். நிக்கியாஸ் ஓவியர், சிலைகளுக்கு வண்ணம் பூசியவர். இதுவும் பிளினி சொன்னதுதான். மெடிசி வீனஸைச் சில வருடங்களுக்கு முன் சுத்தம் செய்தபோது கூந்தலில் தங்கப் பூச்சும் உதட்டில் சிவப்பும் இருந்த சுவடுகள் தெரிந்தன. காதிலும் துளை உண்டு, தோடு போட்டிருந்தவள்.

தங்கக் கூந்தல், சிவந்த உதடு, காதில் தோடு. இப்போது அந்தக் கையை மறுபடி நினைத்துப் பாருங்கள் அம்மா. கூசி ஒடுங்கியவளாகத் தெரிகிறாளா? குளித்து முடித்துத் தன் கோயிலில் தானே ராணியாக நிற்கிறவள்.


வெண்துகில் எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் சிலையின் துணியைப் பேசுகிறீர்கள், நான் நிஜத் துணியைப் பற்றிச் சொல்கிறேன். என் குடும்பம் நெசவுக் குடும்பம், அதனால் என் கண் அங்கேதான் போகும்.

1783இல் பாரிஸ் கண்காட்சியில் எலிசபெத் விஷே லெ பிரன் என்ற பெண் ஓவியர் ராணி மரி அந்துவானெத்தின் படத்தை வைத்தார். ராணி உடுத்தியிருந்தது வெள்ளை மஸ்லின், இடையில் ஒரு பட்டை, தலையில் வைக்கோல் தொப்பி. ராணியை உள்ளாடையோடு வரைந்துவிட்டாள் என்று பெரிய ரகளை. படத்தை எடுத்துவிட்டுப் பட்டு உடுத்தி ரோஜா பிடித்த வேறு படம் வைத்தார்கள். பதினேழு வருடம் கழித்து, 1800இல், டாவிட் என்ற ஓவியர் மாடம் ரெக்காமியே என்ற பெண்ணை வரைகிறார். வெறுங்கால், வெள்ளை ஆடை, கிரேக்கப் பாணியில் சாய்வு கட்டில். இப்போது அதே மாதிரி ஆடை அடக்கத்துக்கும் எளிமைக்கும் அடையாளம். நடுவில் ஒரு புரட்சி வந்து போயிருந்தது, அரசவைப் பட்டும் இடுப்பை நெரிக்கும் கட்டும் வெறுத்துப்போயிருந்தன.

ஆனால் அந்தக் 'கிரேக்க' ஆடை கிரேக்கம் இல்லை. பேர்போன மஸ்லின் வங்காளத்திலிருந்து போனது, டாக்கா பக்கத்து ஆற்றங்கரைப் பருத்தி. கிரேக்கச் சிலையின் மடிப்பை அவ்வளவு மெல்லிசாக விழவைக்க ஐரோப்பாவில் அப்போது அதற்கு ஈடான துணி இல்லை. காலையில் ஈரக் காற்று இருக்கும்போதுதான் அந்த நூலை நூற்பார்கள், வெயில் ஏறினால் இழை அறுந்துவிடும். நனைந்த துணி போல ஒட்டும் நைக்கே என்று ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு அந்த ஈர நூல்தான் நினைவுக்கு வந்தது. பாரிஸில் ஏதென்ஸ் என்று பெயர் வைத்து உடுத்தியதை நூற்ற பெண்களின் பெயர் எந்தப் படத்துக்குக் கீழேயும் இல்லை.


கரந்தைக்காரன் எழுதியது:

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். தஞ்சாவூரில் சிவகங்கைப் பூங்கா பக்கம் சுவார்ட்ஸ் தேவாலயம். உள்ளே பளிங்குப் புடைப்புச் சிற்பம், இரண்டாம் சரபோஜி மன்னர் லண்டனில் ஜான் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லிச் செய்து வரவழைத்தது. 1798இல் இறந்த போதகர் சுவார்ட்ஸ் படுக்கையில் கிடக்கிறார், மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கிறார். ஃபிளாக்ஸ்மன் சின்ன ஆள் இல்லை. ஹோமர் காவியங்களுக்கு அவர் போட்ட கோட்டுச் சித்திரங்கள் 1793இல் வந்து ஐரோப்பா முழுவதும் பரவின.

சிறு வயதிலிருந்து அந்தச் சிற்பத்தைப் பார்த்திருக்கிறேன். ஏதென்ஸ் கல்லறைக் கற்களில் இறந்தவரும் இருப்பவரும் கையைப் பற்றிக்கொண்டிருப்பார்கள் என்று பின்னால் படித்தபோது உடனே அந்தக் கை நினைவுக்கு வந்தது. யாரும் கதறவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. நிழற்கோடு எழுதிய 'அமைதியான கம்பீரம்' கெட்டுப்போகாமல் இருக்கிற இடம் ஒன்று உண்டு என்றால் எனக்கு அது இதுதான். உடம்பைக் காட்டாமலேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.


நிழற்கோடு எழுதியது:

கரந்தைக்காரன் அண்ணா, நன்றி. அடுத்த முறை தஞ்சை வந்தால் முதலில் அங்கேதான் போவேன்.

வெண்துகில் சொன்ன கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. என் பங்குக்கு இன்னொன்று சேர்க்கிறேன். 1851இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் கிரேக்க அடிமைச் சிலை இருந்தது. அங்கே வில்லியம் வெல்ஸ் பிரவுனும், வில்லியம், எல்லன் கிராஃப்ட் தம்பதியும் வந்தார்கள். மூவருமே அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி வந்தவர்கள். எல்லன் 1848இல் வெள்ளைக்கார எஜமானன் போல ஆண் வேடம் போட்டு, கணவனை வேலைக்காரனாக நடிக்கவைத்துத் தப்பியவர். 'பஞ்ச்' என்ற நகைச்சுவை இதழில் டென்னியல் வரைந்த 'வர்ஜீனிய அடிமை' என்ற படம் அப்போது வந்திருந்தது, அதே நிலையில் ஒரு கறுப்புப் பெண். பிரவுன் அந்தப் படத்தைக் கொண்டுபோய்ச் சிலை பக்கத்தில் வைத்தார். இதுதான் கிரேக்க அடிமைக்கு ஏற்ற ஜோடி என்றார்.

எல்லன் அங்கே நின்றதைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சிலையைச் சுழலும் பீடத்தில் வைத்திருந்தார்கள். அது திரும்பும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்?

ஆண்களுக்கு வந்தபோது கதையே வேறு. கானோவா நெப்போலியனைப் போர்த் தெய்வம் மார்ஸாக நிர்வாணமாகச் செதுக்கினார், 3.45 மீட்டர் உயரம். 1811இல் நெப்போலியன் பார்த்துவிட்டு யாருக்கும் காட்டாதீர்கள் என்று ஒதுக்கிவைத்தார். அவர் சொன்னால் நடக்கிறது. இன்று அது லண்டனில், அவரைத் தோற்கடித்த வெலிங்டனின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. சங்கிலி கட்டிய பெண்ணிடம் யார் கேட்டார்கள்?


கல்தச்சன் எழுதியது:

நிழற்கோடு, உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நீங்கள் சொன்னது உண்மை. கானோவாவைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் 'வெள்ளை' என்ற குற்றம் அவர் மேல் அப்படியே ஒட்டாது.

அவர் முதலில் களிமண்ணில் செய்வார், பிறகு முழு அளவில் சுதை வார்ப்பு. அந்த வார்ப்பில் சின்னச் சின்ன உலோக ஆணிகள் அடித்து, ஆணிக்கு ஆணி அளவெடுத்து ஆட்கள் பளிங்கில் இறக்குவார்கள். அவர் பிறந்த பொஸ்ஸாஞோ ஊர் அருங்காட்சியகத்தில் அந்த வார்ப்புகள் ஆணியோடு இருக்கின்றன. முகம், கை, தொடை எல்லாம் அம்மை போட்டது போலக் கறுப்புப் புள்ளி. கடைசி விரல்கடை ஆழத்தை மட்டும் அவர் தன் கையால் எடுப்பார், இரவில் விளக்கு வெளிச்சத்தில். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் மேடு பள்ளம் தெரியும். நாங்களும் அப்படித்தான் மெருகு பார்ப்போம்.

முடித்ததும் என்ன செய்வார் தெரியுமா? உளி தீட்டும் சாணைக்கல் தொட்டித் தண்ணீரைச் சிலை மேல் பூசுவார். இரும்புத் துருவும் கல் மாவும் கலந்த பழுப்புத் தண்ணீர். பளிங்கின் வெறும் வெள்ளை அடங்கித் தோல் நிறம் ஏறும். மேலே மெழுகு. எங்கள் பட்டறையில் அந்தத் தண்ணீரைத் தினமும் கீழேதான் ஊற்றுகிறோம். இதைப் படித்த அன்று ஒரு துண்டுப் பளிங்கில் பூசிப் பார்த்தேன். ஒரு பக்கம் பூசி ஒரு பக்கம் விட்டேன். விட்ட பக்கம் சுண்ணாம்பு மாதிரி, பூசிய பக்கம் உள்ளங்கை மாதிரி. என் மகள் தொட்டுப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் சூடாக இருக்கிறது என்றாள்.

அதுதான் அக்கா, நீங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மெடிசி வீனஸ் இன்று கல்லாக நிற்கிறாள். கானோவா தோலாக நிறுத்திவிட்டார். தோலுக்குத்தான் துணி வேண்டும்.


பழைய ஏடு எழுதியது:

ஆகா. உகோ ஃபொஸ்கொலோ என்ற இத்தாலியக் கவிஞர் அந்தக் காலத்திலேயே சொன்னதற்கு இது பட்டறையிலிருந்து வந்த விளக்கம். மெடிசி வீனஸ் அழகிய தெய்வம் என்றால் கானோவா செய்தது அழகிய பெண் என்றார் அவர்.

மாடவிளக்கு அம்மாவின் முதல் கேள்விக்கு வருகிறேன், கேள்வி கூச்சத்தைப் பற்றியது. கிரேக்கக் கதைகளில் பெண்ணை, அதிலும் தெய்வத்தை, குளிக்கும்போது பார்ப்பது பார்த்தவனுக்குத்தான் ஆபத்து. ஆர்ட்டெமிஸைப் பார்த்த அக்டேயோன் மானாக மாறித் தன் நாய்களாலேயே கிழிபட்டான். அதீனாவைப் பார்த்த டைரீசியஸ் கண்ணை இழந்தான். ஹெரொடோட்டஸ் தன் வரலாற்றைத் தொடங்கிய சில பக்கங்களிலேயே ஒரு கதை சொல்வார். லிடியாவின் அரசன் கண்டௌலேஸ் தன் மனைவியின் அழகைப் பெருமை பேசி, மெய்க்காவலன் கைகெஸைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். வேண்டாம் அரசே, ஆடையைக் களையும் பெண் அய்டோஸையும் சேர்த்துக் களைகிறாள் என்று அவன் மன்றாடுகிறான். அரசன் கேட்கவில்லை. அரசி அவனைக் கண்டுகொள்கிறாள், கத்தவில்லை. மறுநாள் கூப்பிட்டு, ஒன்று நீ சாக வேண்டும், இல்லை என்னை இப்படிக் காட்டியவன் சாக வேண்டும் என்கிறாள். அரசன் செத்தான். நாணம் அங்கே அவளிடம் குன்றவில்லை. காட்டியவனிடமும் பார்த்தவனிடமும் இல்லாமல் போயிற்று.

க்னிடோஸ் கோயிலைப் பற்றி லூசியன் பெயரில் வழங்கும் பழைய உரையாடல் ஒன்று உண்டு. முன்வாசலில் சிலையைப் பார்த்து முடித்த பயணிகள் பின்பக்கமும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். அதற்கென்றே பின்னால் ஒரு கதவு. சாவி வைத்திருக்கும் பெண் வந்து திறந்துவிடுகிறாள். தெய்வம் திரும்பவில்லை. அவளுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை, வந்தவர்கள்தான் வாயடைத்து நிற்கிறார்கள்.

கானோவாவின் வீனஸ் திரும்பிவிட்டாள். அங்கேதான் அவர் கிரேக்கத்திலிருந்து விலகுகிறார். பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.


நிழற்கோடு எழுதியது:

ஐயா, இந்தக் கதவு இரண்டு பக்கமும் திறக்கும். தெரிந்துவிட்டதால் அவள் அஞ்ச வேண்டியதாகிவிட்டது என்றும் சொல்லலாம். ஆனால் அரசி கதையை நான் இவ்வளவு நாள் தப்பாகப் படித்திருக்கிறேன். மறுபடி படிக்கிறேன்.


மாடவிளக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரவெல்லாம் இந்த இழையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஐயா பின்கதவு பற்றி எழுதியதும் எழுந்து பிட்டி அரண்மனைப் படங்களை வரிசையாகப் பார்த்தேன். மொத்தம் 14 எடுத்திருக்கிறேன். முன்பக்கம் எடுத்தவற்றில் துணிதான் முதலில் தெரிகிறது. கல்தச்சன் தம்பி சொன்ன பிறகு அது தரையைத் தொடும் இடத்தில் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. மார்புக்கு அருகே மெல்லியதாக இருப்பது கீழே போகப் போகத் தூணாகிறது. பின்னால் போய் எடுத்த படங்களில் முதுகு வெறுமையாக இருக்கிறது. அவ்வளவு இறுக்கிப் பிடித்தும் முதுகை அவளால் மறைக்க முடியவில்லை.

கடைசிப் படம் பக்கவாட்டில் எடுத்தது. அன்று ஏன் ஒரு அடி நகர்ந்தேன் என்று அதைப் பார்த்ததும் புரிந்தது. அவள் கழுத்து திரும்பியிருக்கும் பக்கம், பார்வை போய் விழுகிற இடம், அங்கேதான் நான் கேமராவோடு நின்றிருக்கிறேன். கீழே தரையில் என் நிழல் பீடம் வரை நீண்டிருக்கிறது.